முதலாளியம்மா எழுதிய வரவுக் கணக்கு

குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கே அவர் முதலாளியம்மா. போன மாதம் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் அவர் மகன் என்னைத் தறி நூல் வைக்கும் ரூமுக்குக் கூட்டிப் போய், சிவப்புத் துணி அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். "இதுல உங்க பக்கம் இருக்குது, பாருங்க" என்றார்.

என் அப்பா அவருக்கு லுங்கி நெய்தவர். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. நெடுக்கே ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடை நூலும் முதலாளியம்மா கொடுப்பார். நெய்து கொண்டுபோய்ப் போட்டால் கூலி. ஊடை நூலைச் சின்னக் குச்சியில் தார் சுற்றுவது அம்மாவின் வேலை, பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என்னுடையதும். 2001இல் பிளஸ் டூ முடித்தேன். வேலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்தது. திங்கட்கிழமைக்குள் 3,400 ரூபாய் கட்ட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனார்.

அவர் சரக்கு பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு லுங்கியையும் விரித்துக் கரையோரமாக விரலை ஓட்டுவார். இழை அறுந்த இடம் வந்தால் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் நின்றுவிடும். அப்பா 'முன்பணம்' என்று ஆரம்பித்ததும் அந்த விரல் நின்றது.

"இன்னாத்துக்கு?"

"பாப்பா காலேஜுக்கும்மா."

"உன் கணக்குல ஏத்தினா கூலியில புடிக்கணும். புடிச்சிக்கினே இருந்தா நீ என்னிக்கு மீளுவ? பாப்பாவுக்குத் தனிக் கணக்கு போட்டுடறேன்."

தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். முன்பணம் வாங்கிய நெசவாளி அதை அடைக்காமல் வேறு முதலாளியிடம் போக முடியாது. கல்யாணம், ஆஸ்பத்திரி என்று கடன் ஏறி, அப்பன் வாங்கியதை மகன் நெய்து கழித்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. என் படிப்பையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தால் அப்பா இன்னும் கொஞ்சம் கட்டுண்டிருப்பார், எதிர்த்துப் பேசியிருக்கவும் மாட்டார். ஒரு முதலாளிக்கு அது லாபம்தான். அந்த லாபம் தனக்கு வேண்டாம் என்றார் பாருங்கள், அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எப்போது திருப்பித் தர வேண்டும் என்று கேட்டேன். "மார்க் சீட்டு வந்தா எடுத்துக்கினு வா" என்றார், அவ்வளவுதான்.

நோட்டில் என் பக்கத்தைப் பிரித்தேன். பற்றுப் பக்கம் முழுக்க அவர் கையெழுத்து. பீஸ் 3,400. காட்பாடி வரை ரயில் சீசன் டிக்கெட். பரீட்சை பீஸ். கால்குலேட்டர். அப்புறம் ஒரு வரி: 'செருப்பு 110'. வார் அறுந்த செருப்பில் ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு ஒருநாள் அவர் வாசலில் நின்றிருந்தேன். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வரவுப் பக்கத்தில் பணமே இல்லை. 61, 68, 74, 72 என்று என் மார்க் மட்டும் வரிசையாக. அந்த 72க்குப் பக்கத்தில் ஒரு சுழி. ஏன் குறைந்தது என்று அன்று என்னைத் துளைத்து எடுத்தது ஞாபகம் வந்து அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் படித்தது எட்டாவது வரைதான். கணவர் போனபோது எட்டுத் தறி, அதை அறுபதாக்கினார். 1954இல் முதலமைச்சரான காமராஜர் சட்டமன்றத்துக்குப் போக இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தது எங்கள் குடியாத்தத்தில்தான். அப்போது இது வட ஆற்காடு மாவட்டம். ஆறு வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அவரைப் பார்த்தேன் என்று முதலாளியம்மா சொல்லும்போது முகமே மாறிவிடும்.

பணம் கொடுப்பதோடு விடமாட்டார். பீடி சுற்றும் தாய்மார் வந்தால், பீடித் தொழிலாளர் அட்டை இருக்கிறதா, பிள்ளைக்கு அதில் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாயா என்றுதான் முதலில் கேட்பார். முதல் பட்டதாரிச் சலுகை வந்த பிறகு அந்தச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வரை ஆள் அனுப்பினார். 2022இல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வந்தபோது, "நல்லது, பஸ்ஸுக்கும் புக்குக்கும் ஆவும். ஹாஸ்டல் அட்வான்ஸை நாம பாத்துக்கலாம்" என்றாராம். பீஸ் கட்டிவிட்டும் சின்னச் சின்னச் செலவுக்கு வழியில்லாமல் பாதியில் நின்ற பெண்களை நான் ஆசிரியையாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சில்லறையில்தான் படிப்பு அறுந்துபோகிறது என்பது அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

நோட்டில் மொத்தம் 43 பக்கம், 43 பெண்கள். கடைசிப் பக்கத்துப் பெண் திருமகள் ஆலைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவளுடைய பரீட்சைப் பீஸுக்கு நாள் நெருங்கியிருந்தது. காரியத்துக்கு வந்திருந்த பழைய பெண்கள் நான்கு பேர் சேர்ந்து கட்டினோம். ரசீதைப் பற்றுப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ரிசல்ட் வந்ததும் நோட்டை எடுத்து வைக்கச் சொல்லி அவர் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.