இட்டேரி தேடி இரண்டு டோப்போ ஷீட்

சென்னிமலை, அரச்சலூர் வட்டாரத்தில் பழைய இட்டேரிகளை, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடங்களை, தேடி நடப்பதற்காக இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத் தாள்) இரண்டை, பழைய ஒரு அங்குலத் தாளையும் இப்போதைய 1:50,000 தாளையும், கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிப் பார்த்து வருகிறேன். இதுவரை தேறியதை எழுதி வைக்கிறேன்.

பழைய தாளின் அளவு 1:63,360, அதாவது ஒரு அங்குலம் ஒரு மைல். புதியதில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். புதியதுதான் பெரிதாகக் காட்டுகிறது. ஆனால் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளில் கதை வேறு. பழையதில் 50 அடிக்கு ஒரு கோடு, கிட்டத்தட்ட 15 மீட்டர். புதியதில் 20 மீட்டருக்கு ஒன்று. நம் ஊர்க் கரடுகளுக்கு இந்த ஐந்து மீட்டர் பெரிய விஷயம். சுற்று நிலத்தைவிடப் பதினாறு, பதினேழு மீட்டர் மட்டும் எழும்பும் கரடு பழைய தாளில் வளையமாக வந்துவிடும். புதியதில் இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்து காணாமலே போகலாம்.

இரண்டையும் பொருத்துவதுதான் தலைவலி. பழைய தாள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் நீள்கோளம் என்ற கணக்கை வைத்துப் போட்டது; 2005 வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்காக வந்த திறந்த வரிசைத் தாள்கள் ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 கணக்கில். பழைய தாளின் மூலைகளில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே டபிள்யூஜிஎஸ் என்று கொடுத்தால் மலையே நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கும். மென்பொருளில் எவரெஸ்ட் கணக்குக்கு உரிய கலியான்பூர் ஆயத்தொகுதியைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. அப்புறம் மலை உச்சியில் நில அளவைப் புள்ளியைக் காட்டும் முக்கோணக் குறியையும் பழைய கோயில்களையும் வைத்துச் சரிபார்க்கலாம். சாலையை நம்பக்கூடாது, நேராக்கியிருப்பார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணை வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்தது. அதற்கு முன் அளந்த தாளில் வாய்க்காலே கிடையாது, வண்டித்தடங்கள் மட்டும் ஊருக்கு ஊர் ஓடுகின்றன. புதிய தாளை மேலே போட்டால் சரிவை ஒட்டி வளைந்து வளைந்து நீலக்கோடு வருகிறது. அது பழைய தடத்தை வெட்டும் இடங்களில் பல பாலங்கள். காட்டுக்கு நடுவே எதற்கு இந்தப் பாலம் என்று தோன்றினால் பழைய தாளைத் திறந்தால் போதும். பாலத்தைத் தாண்டிப் போய்ப் பார்த்தால் சில இடங்களில் இன்னும் இட்டேரி இருக்கிறது, இரண்டு பக்கமும் கிளுவை வேலியோடு. சிலது தார்ச்சாலை ஆகிவிட்டது. சிலது உழவுக்குள் போய்விட்டது, அங்கே தோட்டத்துக்காரரைக் கேட்காமல் நுழையக்கூடாது.

ஆகவே தடம் தேடப் பழைய தாள், தண்ணீருக்கும் இருப்பிடத்துக்கும் புதிய தாள் என்று வைத்துக்கொண்டேன். காப்புக்காட்டுக்குள் போகும் கோடு எந்தத் தாளில் இருந்தாலும் சரி, வனத்துறை அனுமதி வேண்டும்.

கரூர்ப் பக்கம் நீட்டலாம் என்றால் கிழக்குத் தீர்க்கரேகை 78 பாகையைத் தாண்டியதும், உலகை ஆறாறு பாகைப் பட்டைகளாகப் பிரிக்கும் யூடிஎம் கட்டமைப்பில் மண்டலம் 43 போய் 44 வந்துவிடுகிறது. அந்தத் தாள்களை இதோடு ஒட்டும் வேலை இன்னும் பாக்கி.