உடம்பில் ஒட்டுவதும் ஒட்டாததும்

அண்ணன் தின்றது உடம்பில் ஒட்டாத ஆள் என்றும், நான் தண்ணீர் குடித்தாலே பெருத்துவிடுவேன் என்றும் அம்மா சொல்லிக்கொண்டே, அவருக்கு ஒரு கரண்டி நெய்யும் எனக்கு அரைக் கரண்டியும் ஊற்றுவார். நாற்பதைக் கடந்ததும் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தெரியவந்தபோது, "அளவோடு சாப்பிட்டிருந்தால் வந்திருக்காது" என்றார் உறவினர் ஒருவர். அண்ணனைவிட ஒருநாளும் நான் அதிகமாகச் சாப்பிட்டதில்லை என்பதால் அந்தப் பேச்சு வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது.

சென்ற தீபாவளி விடுமுறையில் இருவரும் ஒரே உணவை ஒரே நேரத்தில் உண்டு, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தோம். நான்கு இட்லியும் சாம்பாரும் சாப்பிட்ட அன்று எனக்கு 172, அவருக்கு 118. வெண்பொங்கல் சாப்பிட்ட மறுநாள் எனக்கு 149, அவருக்கு 131. இதை நெய்க்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. கொழுப்பு, இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும் என்பதால், என் உச்சம் நாங்கள் குத்திப் பார்த்த பிறகே வந்திருக்கலாம்.

2015-இல் இஸ்ரேலின் வைஸ்மான் ஆய்வு நிறுவனத்தார் 800 பேருக்குத் தொடர்ந்து சர்க்கரை அளக்கும் கருவியைப் பொருத்தி ஒரு வாரம் கவனித்தபோதும், ஒரே உணவு ஒருவருக்குச் சர்க்கரையை ஏற்றுவதும் இன்னொருவருக்கு ஏற்றாமல் விடுவதும் தெளிவாகப் பதிவாயிற்று.

அண்ணனின் ஒல்லி உடம்புக்கு எனக்குக் கிடைத்த விளக்கம் வேறொரு ஆய்வில் இருந்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஜேம்ஸ் லெவின் குழுவினர் 16 பேருக்கு எட்டு வாரங்கள் நாள்தோறும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்து, 1999-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஒருவருக்கு 0.36 கிலோ கொழுப்பு மட்டுமே கூட, இன்னொருவருக்கு 4.23 கிலோ கூடியது. உடற்பயிற்சியாக இல்லாமல், எழுவதும் நிற்பதும் இருந்த இடத்தில் அசைவதுமாகத் தம்மையறியாமல் கூடுதல் ஆற்றலைச் செலவிட்டவர்களுக்குக் கொழுப்பு குறைவாகவே சேர்ந்திருந்தது. படித்தவுடன் எனக்கு அண்ணனின் கால்கள்தான் நினைவுக்கு வந்தன. உட்கார்ந்தால் காலாட்டுவார், கைப்பேசி ஒலித்தால் வீட்டை நான்கு சுற்றுச் சுற்றாமல் பேசி முடிக்க மாட்டார். காலாட்டினால் தரித்திரம் என்று அம்மா நாற்பது ஆண்டுகளாக அதட்டியும் நிறுத்த முடியாத அந்தப் பழக்கத்தை எந்த மனவுறுதியின் கணக்கில் சேர்ப்பது?

ஒல்லியாக இருப்பதாலேயே அவர் தப்பித்துவிட்டார் என்பதுமில்லை. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யட்கினும் 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் உடம்பையே எடுத்துக்காட்டாக வைத்தார்கள்: உயரத்தோடு எடையை ஒப்பிடும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் 22.3, உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை பார்க்கும் இயந்திரம் இந்த வேறுபாட்டைக் காட்டுவதில்லை. அண்ணனுக்கு இரத்த அழுத்த மாத்திரை தொடங்கி இரண்டாண்டாகிறது. ஊறுகாயும் அப்பளமும் அவருடைய இலையிலிருந்து போய்விட்டன, என்னுடையதில் இருக்கின்றன.

இப்போது நான் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பசிக்குச் சுண்டல் சாப்பிடுகிறேன். அடுத்த முறை வெண்பொங்கல் சாப்பிடும்போது மூன்றாம் மணி நேரத்திலும் குத்திப் பார்ப்பதாக இருக்கிறோம். அதுவரை அண்ணன் காலாட்டாமல் உட்கார வேண்டும் என்பது என் நிபந்தனை.