சூனியக்காரியை எந்த அடுக்கில் வைப்பது

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். நன்கொடையாக வந்த கட்டு ஒன்றில் அமெரிக்க எழுத்தாளர் கிரிகோரி மகுவயரின் ‘விக்கிட்’ (Wicked) இருந்தது. அட்டையில் கூம்புத் தொப்பி போட்ட சூனியக்காரி, அதனால் கட்டைப் பிரித்தவர் நேராக சிறுவர் அடுக்கில் வைத்துவிட்டார். எடுத்து மாற்றினேன். கொலை, காமம், அரசியல் எல்லாம் உள்ள, பெரியவர்களுக்கான நாவல் அது.

இதற்கு மூலம், எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் நாட்டுச் சிறுவர் கதை. அதில் மேற்குத் திசைச் சூனியக்காரிக்குப் பெயர்கூடக் கிடையாது. வருவாள், மிரட்டுவாள், ஒரு வாளித் தண்ணீரில் கரைந்து போவாள், அவ்வளவுதான். மகுவயர் 1995இல் அவளுக்கு ஒரு பிறப்பையும் படிப்பையும் கோபத்தையும் கொடுத்தார். பச்சைத் தோலோடு பிறந்தவள், பேசும் விலங்குகளின் உரிமையை அரசு பறிக்கும்போது எதிர்த்து நிற்கிறாள். பாமின் பெயரில் உள்ள எல், எஃப், பி என்ற எழுத்துகளிலிருந்தே அவளுக்கு எல்ஃபபா என்று பெயர் செய்தார். மூலக் கதைமேல் மரியாதை உள்ளவருக்குத்தான் இப்படித் தோன்றும். அதற்கு முன்னால் அவர் சிறுவர்களுக்கு எழுதியவர், சிறுவர் இலக்கியம் கற்பித்தவர். அந்தப் பழக்கம் இல்லாமல் இதை எழுதியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. ராமன் கால் பட்டு எழுந்த அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்னதைக் கேட்டு மறுபடி கல்லாகிப் போவதை 1943இலேயே ‘சாபவிமோசன’த்தில் எழுதிவிட்டார் புதுமைப்பித்தன். திருநெல்வேலியில் வளர்ந்தவர்.

இதையெல்லாம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சில் பீடி சுற்றும் அக்கா ஒருத்தர், வாரப் பத்திரிகை வாசிக்க வருகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குத் திடீரென்று நல்லதங்காள் கதையை எடுத்தார். வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்த கதை, பசியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளையும் ஏழு பிள்ளைகளையும் அண்ணி மூளியலங்காரி விரட்ட, எல்லாரும் கிணற்றில் முடிவார்கள்.

“புருசன் வீட்ல இல்லாத நேரத்துல ஏழு பிள்ளையளோட வந்து நிக்கா. அந்த மூளிக்கு மனசுல என்ன ஓடிருக்கும்னு யாராவது கேட்டாவளா தம்பி?”

கூட்டத்தில் ஒரு பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. பிள்ளைகளைப் பட்டினி போட்டவளுக்கு என்ன நியாயம் என்றார். அக்கா விடவில்லை. நியாயம் கேட்கவில்லை, கதைதான் கேட்கிறேன் என்றார். அந்த வித்தியாசத்தை இவ்வளவு தெளிவாக நான் எந்த விமர்சனத்திலும் வாசித்ததில்லை. எல்ஃபபாவும் புனிதவதி ஆவதில்லை. அவள் செய்வது எதனால் என்று மட்டும் நமக்குத் தெரிந்துவிடுகிறது, அப்புறம் அவளை வெறுப்பது சிரமமாகிவிடுகிறது.

மூளியலங்காரியின் பக்கத்திலிருந்து யாராவது நாவல் எழுதியிருந்தால் சொல்லுங்கள், வாங்கித் தரக் கேட்டு எழுதுகிறேன். அந்த அக்கா வாரா வாரம் கேட்கிறார்.