மூன்றாம் முறையில் அடங்கிய குதிகால்

நேற்று 22 கிலோமீட்டர் ஓடினேன். இதைவிட நீளமாக எத்தனையோ முறை ஓடியாயிற்று. ஆனால் இன்று காலை கட்டிலிலிருந்து இறங்கிக் கால் ஊன்றியபோது வலது குதிகாலில் இறுக்கமே இல்லை, அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். 14 மாதமாக ஒவ்வொரு காலையும் முதல் பத்து அடி சுவரைப் பிடித்துக்கொண்டுதான்.

வயது 47, ஓட ஆரம்பித்து 19 வருடம். எண்பதிலும் ஓட வேண்டும் என்பது என் ஆசை, அதனால் இந்த வலிக்கு ஒரு வழி பண்ணாமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

ஆரம்பம் ஷூவில். ஆறு வருடமாக ஒரே மாடல், குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் 10 மில்லிமீட்டர். புதிய பதிப்பில் அதே பெயர், அதே தோற்றம், வித்தியாசத்தை மட்டும் 4 மில்லிமீட்டராகக் குறைத்துவிட்டார்கள், பெட்டியில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை. நான் முதல் நாளே 18 கிலோமீட்டர் போய்விட்டேன். குதிகால் பக்கம் தாழ்ந்தால் கெண்டைக்கால் சதையும், அதைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாணும் கூடுதலாகச் சுமக்க வேண்டும், அதற்குப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். நுரையீரலும் இதயமும் சில வாரத்தில் தயாராகிவிடும், தசைநாண் அவ்வளவு சீக்கிரம் வராது. எனக்கு வந்த காயம் எல்லாமே இந்த இடைவெளியில் வந்ததுதான்.

முதல் முயற்சி, எல்லோரும் சொல்லும் ஆல்ஃபிரெட்சன் முறை. 1998-இல் சுவீடன் மருத்துவர் 15 பேரை வைத்துச் செய்து காட்டியது: படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே மெதுவாக இறக்குவது. முட்டி நேராக 15 தடவை மூன்று செட், முட்டி மடக்கி இன்னொரு மூன்று செட், காலை மாலை இரண்டு வேளை. ஒரு நாளைக்கு 180, அப்படியே 12 வாரம். ஐந்து வாரம் விடாமல் செய்தேன், வலி கூடிக்கொண்டே போனது. அப்புறம்தான் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பார்த்தேன். குதிகால் எலும்புக்கு 2 முதல் 6 சென்டிமீட்டர் மேலே வலித்தால் அது நாணின் நடுப்பகுதி, இந்த முறை அதற்குத்தான் பொருத்தம். எனக்கு வலித்தது நாண் எலும்போடு சேரும் இடம். அந்த இடத்தில் வலி இருக்கும்போது குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கினால் நாண் எலும்பின்மேல் அழுந்தும், புண்ணிலேயே திரும்பத் திரும்பக் குத்துவதுபோல. தயவுசெய்து எந்தப் பயிற்சியும் ஆரம்பிக்கும் முன் எங்கே வலிக்கிறது என்று தொட்டுப் பாருங்கள்.

இரண்டாம் முயற்சியில் சமதரையில் செய்தேன். நாலாவது வாரம் வலி குறைந்தது, குணமாகிவிட்டது என்று நிறுத்திவிட்டு ஓடக் கிளம்பினேன், ஆறாவது வாரம் பழையபடி. வலி போவது வேறு, நாண் பலப்படுவது வேறு.

மூன்றாவதுதான் பலித்தது: அதே குதிகால் தூக்கி இறக்குவதுதான், ஆனால் பாரம் அதிகம், வேகம் குறைவு. முதுகுப்பையில் மணல் மூட்டை, 5 கிலோவில் தொடங்கி இப்போது 20 கிலோ. வாரத்தில் மூன்றே நாள். ஒரு நாள் பாரம் ஏற்றினால் அடுத்த ஒன்றரை நாள் வரை நாணுக்குள் சிதைவுதான் அதிகம், கட்டுமானம் அதற்குப் பிறகே மேலோங்குகிறது, ஆகவே இடைவெளி கட்டாயம். லேசான பாரத்தில் 15 தடவை, பாரம் ஏற ஏற 8, 6 என்று குறைத்து, நான்கு செட்.

இதில் என்னை அதிகம் படுத்தியது அந்த மூன்று விநாடி. ஏற மூன்று, இறங்க மூன்று. மனதுக்குள் எண்ணினால் ஐந்தாவது தடவையிலேயே ஒன்றரை விநாடியாகிவிடுகிறது, வீடியோ எடுத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். போனில் சீராக டிக் டிக் என்று ஒலிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 என்று வைத்த பிறகுதான் ஒழுங்காக வந்தது, அன்றைக்கே பாதி எண்ணிக்கையில் கால் நடுங்கிவிட்டது! இன்னொன்று, களைத்ததும் பாதம் சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. பெருவிரலின் அடிப்பகுதிக்குக் கீழே ஒரு காகிதத் துண்டை வைத்து, அது நழுவாமல் அழுத்திக்கொண்டே ஏறிப் பாருங்கள், கெண்டைக்காலின் உள்பக்கம் வேலை செய்வது உடனே தெரியும். முட்டி மடக்கிச் செய்வதையும் விடக்கூடாது. ஓடும்போது பெரும்பாரம் சுமப்பது அடியில் இருக்கும் சோலியஸ் தசை, அது முட்டியை மடக்கினால்தான் தனியாக மாட்டும்.

செய்யும்போது பத்துக்கு ஐந்து வரை வலித்தால் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள் அடங்கினால் போதும் என்ற கணக்கில் போனேன். 16 வாரம்.

ஓட்டத்தை முழுதாக நிறுத்தவில்லை. ஓடும்போது இதயத் துடிப்பு நிமிடத்துக்கு எவ்வளவைத் தாண்டக்கூடாது என்பதற்கு, 180-இலிருந்து வயதைக் கழிக்கும் மாஃபெட்டோன் கணக்கில் எனக்கு 133, அடிக்கடி காயம்படுபவன் என்பதால் இன்னும் ஐந்து கழித்து 128. அந்தத் துடிப்பில் ஏற்றம் வந்தால் நடக்கத்தான் வேண்டும், முதல் இரண்டு மாதம் மிகவும் கஷ்டப்பட்டேன். கை வாட்ச் வேறு, துடிப்புக்குப் பதில் காலடி எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு 165 என்று காட்டும். மார்புப் பட்டை வாங்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

சலிக்கும்போதெல்லாம் எட் விட்லாக்கை நினைத்துக்கொள்வேன். கனடாக்காரர், வீட்டுக்குப் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் மெதுவாக மணிக்கணக்கில் சுற்றிச் சுற்றி ஓடியவர். 2004-இல், 73 வயதில், 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் மாரத்தான் முடித்தார். 85 வயதிலும் நான்கு மணிக்குள். அவருக்கும் முட்டித் தொல்லை இருந்தது, வந்தபோது மாதக்கணக்கில் நிறுத்தினார். இந்த வருடம் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்ததற்கு அவர்தான் காரணம். வாரத்தில் ஒரு நாள் வாட்ச் இல்லாமல் போகிறேன், அந்த நாளுக்காகவே மற்ற நாள் ஓடுவதுபோல இருக்கிறது.

அடுத்து இரண்டு ஜோடி ஷூ மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் எண்ணம், உயர வித்தியாசம் 10 மில்லிமீட்டரில் ஒன்று, 8-இல் ஒன்று. ஏற்றத்தில் சின்னச் சின்ன வேக ஓட்டமும் மனதில் இருக்கிறது. ஆனால் நேற்று மாலை ஒற்றைக்காலில் குதிகால் தூக்கி எண்ணிப் பார்த்ததில் இடது 31, வலது 24. இரண்டும் சமமாகும்வரை வேகத்தைத் தொடப்போவதில்லை, நாளைக்கு மறுபடி மணல் மூட்டைதான்.