100 மீட்டர் வரைக்கும் நான் பெரிய ஆள்

மூன்று மணி நேரப் பயணம், அதில் பாதி தூக்கம். கண் விழித்தபோது வண்டி ஒரு மண்மேட்டுப் பக்கம் நின்றிருந்தது. துப்பாக்கி சுடும் களம் என்றதும் என்னென்னவோ கற்பனை செய்திருந்தேன், பார்த்தால் நீளமான வெறும் புல்தரை, 100, 300, 600 மீட்டரில் பலகைகள், நடுநடுவே சிவப்புத் துணிக்கொடிகள். கூட்டிவந்த அண்ணன் பல வருடமாகச் சுடுகிறவர். “துப்பாக்கி ஒண்ணுதான் தம்பி, தோட்டாவை மட்டும் மாத்து, அப்புறம் தூரத்தை மாத்து, மத்ததை அதுவே சொல்லும்” என்றார்.

துப்பாக்கி 308 வின்செஸ்டர் என்ற தோட்டா ரகத்துக்கானது. ஒரு பெட்டியில் 168 கிரெயின் போட்டித் தோட்டா, அதாவது குண்டின் எடை கிட்டத்தட்ட 11 கிராம். இன்னொன்றில் மலிவான 150 கிரெயின். போட்டித் தோட்டாவுக்கு 100 மீட்டரில் குறி சரிசெய்து வைத்திருந்தார். மூன்று குண்டு சுட்டேன், மூன்றும் 2 செ.மீ.க்குள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே “இன்னும் ஏழு சுடு” என்றார். பத்தும் முடிந்தபோது ஓட்டைகள் மூன்றரை செ.மீ.க்குப் பரவியிருந்தன. மூன்று குண்டை வைத்துத் துப்பாக்கியைப் புகழ்கிறவர்களை இனி நான் நம்பப் போவதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

மலிவுத் தோட்டா அதே 100 மீட்டரில் ஐந்தரை செ.மீ. பரவல். அது பரவாயில்லை, ஆனால் ஓட்டைகளின் மொத்தக் கூட்டமும் 3 செ.மீ. மேலேயும் கொஞ்சம் இடப்பக்கமும் போய் உட்கார்ந்திருந்தது. வேகம் கூடியதால் மேலே போனது என்று வைத்துக்கொண்டாலும் இடப்பக்கம் ஏன்? சுடும்போது குழல் கம்பி மாதிரி அதிர்கிறது, தோட்டா மாறினால் அதிர்வும் மாறும், குண்டு வெளியேறும் நொடியில் குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அங்கேதான் போகும். அதனால்தான் தோட்டாவை மாற்றினால் குறியையும் மறுபடி சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள்.

அப்புறம் 300 மீட்டர். இங்கேதான் என் கொட்டம் அடங்கியது. 100க்குச் சரிசெய்த குறியோடு சுட்டால் குண்டு அரை மீட்டர் கீழே போகும், அதைத் துப்பாக்கி மேலிருக்கும் ஸ்கோப்பில், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியில், திருகி ஈடுகட்டிவிடலாம். பரவலைத் திருக முடியாதே. போட்டித் தோட்டா 12 செ.மீ.யில் நின்றது. மலிவு 22, அதுவும் மேலும் கீழுமாக நீண்டு. குண்டின் வேகத்தை அளக்கும் கருவியில் பார்த்தால் காரணம் அப்பட்டமாகத் தெரிந்தது: மலிவுப் பெட்டியில் குண்டுக்குக் குண்டு வேகம் நொடிக்கு 30 மீட்டர் வரை மாறியது. அந்த வேக வித்தியாசத்தால் குண்டு ஏறி இறங்குவது 100 மீட்டரில் அரை செ.மீ. பக்கம்தான். 300இல் 5, 6 செ.மீ. 600இல் கால் மீட்டரைத் தாண்டிவிடும். தூரம் இரட்டிப்பானால் பிழையும் இரட்டிப்பாகும் என்று மனக்கணக்குப் போட்டு வந்தவன் நான்!

காற்று இன்னொரு தொல்லை. நொடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசினால் 168 கிரெயின் குண்டு 100 மீட்டரில் 2 செ.மீ. விலகும், 300இல் 20. காற்று தணிந்து கொடி லேசாகத் துவண்டபோது விசையை அழுத்தியதுதான் என் எட்டாவது குண்டு, அந்த ஓட்டை மட்டும் தனியாக நிற்கிறது.

சாயங்காலம் 22 எனப்படும் சிறிய குண்டுத் துப்பாக்கியை நீட்டினார், 50 மீட்டர். ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளிக்கான வட்டம் 10.4 மி.மீ. தான், குண்டே 5.6 மி.மீ. அதில் வேகமான தோட்டாதானே நல்லது என்று கேட்டேன். இல்லையாம். போட்டிக்காரர்கள் ஒலியைவிடக் கொஞ்சம் மெதுவான தோட்டாவைத்தான் எடுப்பார்கள். ஒலிவேகம் நொடிக்கு 340 மீட்டர் பக்கம், அதைத் தாண்டிக் கிளம்பும் குண்டு வழியிலேயே வேகம் இழந்து ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கும்போது ஆட்டம் காணும், குறுக்குக் காற்றிலும் மெதுவானதைவிட அதுதான் அதிகம் விலகும். இதை ஜீரணிக்கவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

600 பக்கம் போகவில்லை. கொடிகள் மூன்றும் மூன்று திசையில் அடித்துக்கொண்டிருந்தன, அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மிச்சத் தோட்டாவைப் பெட்டியில வை” என்றார்.