கழித்தல் குறியும் குளிர்ந்த சுவரும்

பேராதனையில் பொறியியல் இறுதியாண்டு ஆய்வுக்கு நான் எடுத்தது இதுதான்: ஒலியைப் போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடும் காற்று, குழிவான சுவரை ஒட்டிப் போகையில் எங்கே குலையத் தொடங்கும், அதை எப்படித் தள்ளிப்போடலாம்?

குழிவு ஏன் முக்கியம்? ஹட்டன் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தவர்களுக்குத் தெரியும், வளைவில் உடம்பு வெளிப்பக்கம் சாயும். வேகம் கூடினால் இன்னும் சாயும். சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில் (எல்லைப்படலம்) சுவரோரக் காற்று மெதுவாகவும் மேற்காற்று வேகமாகவும் போகிறது. குழிந்த சுவரில் வேகமான காற்று சுவரை நோக்கித் தள்ளப்படும், மெதுவானது மேலே கிளம்பும். ஜோடி ஜோடியாக, எதிரெதிராகச் சுழலும் சுழல்கள் பிறக்கும். 1940இல் ஜெர்மன் கணிதவியலாளர் கோர்ட்லர் காட்டியது இது.

ஓட்டத்தில் ஒரு சிறு குழப்பம் வளருமா, அடங்குமா என்று கணக்கிடும் நிரலை விடுமுறையில் வீட்டிலிருந்து எழுதினேன். முதல் சோதனை, இரு தட்டுகளுக்கு நடுவே ஓடும் ஓட்டம். ரெனால்ட்ஸ் எண் (ஓட்டத்தின் வேகத்தையும் அளவையும் பிசுக்குமையோடு ஒப்பிடும் எண்) 5772ஐத் தாண்டியதும் திரையில் ஒரேயொரு புள்ளி பூச்சியக் கோட்டுக்கு மேலே ஏறியது: குழப்பம் வளரத் தொடங்கிவிட்டது. வெளியே பனிமூட்டம், உள்ளே அந்தப் புள்ளி. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் வளைவைச் சேர்த்தேன். சுழல்களே வரவில்லை! இரண்டு நாள் தேடியபிறகு கிடைத்தது ஒரு கழித்தல் குறி. குறி மாறியதில் சுவர் குவிந்ததாகிவிட்டது. குவிந்த சுவரில் இந்தச் சுழல்கள் வளராது. அன்று முதல் சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்பின் குறியையும் தாளில் எழுதிப் பார்த்துத்தான் தட்டச்சு செய்கிறேன்.

மூன்று வாரத்தைத் தின்றது சுவரைக் குளிர்விக்கும் பகுதி. இந்த வேகத்தில் படலத்துக்குள் இரண்டு வகை அலைகள் வளர்ந்து ஓட்டத்தைக் குலைக்கலாம். குளிர்வித்ததும் முதல் வகை அலை அடங்கியது, சரி. ஆனால் இரண்டாவது வகை வளர்ந்தது. பிழை என்றே நினைத்தேன். எங்கள் சேர்தான், அதிவேக ஓட்டங்களின் நிலைத்தன்மையை ஆராய்ந்த லெஸ்லி மேக்கின் பழைய கணக்குகளைக் காட்டினார்: அதிலும் அப்படியே. இரண்டாவது வகை, சுவரோரப் படலத்துக்குள் சிக்கி எதிரொலிக்கும் ஒலி மாதிரி. குளிர் அதற்குத் தீனி.

ஒலி என்றால் உறிஞ்சலாமே! சுவரில் அடி மூடிய நுண்துளைகளை வைத்துக் கணக்கிட்டேன், இரண்டாவது அலை தணிந்தது. கோர்ட்லர் சுழல்கள் மட்டும் அசையவில்லை. அவை துடிப்பதில்லை, நிலையாக நிற்பவை. துளைகள் உறிஞ்ச ஒன்றுமில்லை. அவற்றுக்குச் சுவர் வழியே காற்றை இழுத்துப் படலத்தை மெலிதாக்க வேண்டும். படலத் தடிப்பு பாதியானால், இந்தச் சுழல்கள் எவ்வளவு எளிதில் வளரும் என்று சொல்லும் கோர்ட்லர் எண் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகும். இப்போது அந்தக் கணக்கில்தான் இருக்கிறேன்.