இரண்டு துளைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது?

கோலாலம்பூரில் ரயில், சுரங்கப்பாதைத் திட்டங்களுக்கு ஆலோசகராக நினைக்கும் தம்பி தங்கைகள் பலரும் எந்த மென்பொருள் கற்கலாம் என்றுதான் கேட்கிறார்கள். என் பதில், நிலத்தைத் துளைத்துப் பார்த்ததில் அடியில் என்ன கிடைத்தது என்று சொல்லும் போர்ஹோல் அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்பதே.

இந்நகரின் பெரும்பகுதிக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. தண்ணீர் அதைக் கரைத்து, குகையும் கூர்முனையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. ஓரிடத்தில் 5 மீட்டரிலேயே பாறை தட்டும். பத்து மீட்டர் தள்ளித் துளைத்தால் 25 மீட்டர் போனாலும் தட்டாமல் போகலாம். அதன் மேல் பல இடங்களில் பழைய ஈய லம்பக் (ஈயச் சுரங்கக்) குட்டைகளை மூடிய தளர்ந்த மணலும் சேறும்.

அறிக்கையில் ஆர்.கியூ.டி. என்றொரு எண் வரும்; பாறை எவ்வளவு உடையாமல் இருக்கிறது என்பதன் அளவு அது. 1.5 மீட்டர் துளைத்து எடுத்ததில் 10 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள துண்டுகளைக் கூட்டினால் 90 சென்டிமீட்டர் என்றால், அது 60 விழுக்காடு. இங்கே அந்த எண்ணை விட, துளைப்பவர் ஓரத்தில் எழுதும் குறிப்பு முக்கியம்: "துளைக்குள் விட்ட தண்ணீர் திரும்பவில்லை", "துளைக்கும் தடி சட்டென்று இறங்கியது". இரண்டுமே அடியில் பொந்து இருக்கலாம் என்பதற்கு அடையாளம். பாறை தட்டியதும் துளையை நிறுத்திவிடுவது பெரும் பிழை. தட்டியது குகையின் கூரையாகவும் இருக்கலாம்.

சுரங்கம் தோண்டும் இயந்திரங்களில் ஒரு வகை, முன்னால் இருக்கும் மண்ணைப் பெண்டோனைட் என்ற களிமண் குழம்பின் அழுத்தத்தால் தாங்குகிறது. குழம்பு குகைக்குள் ஓடிவிட்டால் அழுத்தம் விழும், மேல்மண் உள்ளே சரியும், சாலை இறங்கும். சுங்கை பூலோ–காஜாங் எம்.ஆர்.டி. நகர ரயில் தடத்தின் 9.5 கிலோமீட்டர் சுரங்கத்தில் குழம்பின் அடர்த்தியை மாற்றக்கூடிய இயந்திரங்களை இறக்கியது இதனால்தான். குழம்பு கெட்டியாக இருந்தால் பொந்துக்குள் ஓடாமல் நிற்கும்.

நிலையத்துக்குத் தோண்டும் குழி இன்னும் ஆபத்தானது என்பேன். குழியிலிருந்து நீரை இறைத்தால் சுற்றுவட்டார நிலத்தடி நீர்மட்டம் இறங்கும். நீரோடு மணலும் பொந்துகளுக்குள் வழியும். பள்ளம் விழுவது குழிக்குப் பக்கத்தில் அல்ல, சில தெரு தள்ளி, யாரும் கண்காணிக்காத கடை வாசலிலும் விழலாம். ஆகவே நீர்மட்டமானிகளை வேலியைத் தாண்டியும் பதிக்கச் சொல்லுங்கள். "கவனமாகக் கண்காணிக்கவும்" என்று எழுதினால் அது ஆலோசனையே இல்லை. எத்தனை மீட்டர் இறங்கினால் எச்சரிக்கை, எத்தனையில் இறைப்பை நிறுத்துவது, இரவு இரண்டு மணிக்கு நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று மூன்றையும் எழுதுங்கள்.

ஆலோசகராகக் கையொப்பமிடும் தகுதிக்குப் பட்டம் மட்டும் போதாது. மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிந்து, குறைந்தது 3 ஆண்டு அனுபவம் பெற்று, தொழில்முறைத் தேர்வில் தேறி, பிறகு தொழில் நடத்தும் சான்றிதழும் வாங்க வேண்டும். அந்த ஆண்டுகளை அலுவலகத்திலேயே கழித்துவிடாதீர்கள். துளைக்கும் இடத்துக்குப் போங்கள். பாறைத்துண்டுப் பெட்டியை அன்றன்றே நனைத்துப் படமெடுங்கள். காய்ந்துவிட்டால் விரிசல்களில் இருந்த களிமண் உதிர்ந்துபோகும்.